காலியாக விடக்கூடாத கட்டம்

மூச்சண்ணன் ஓய்வு பெற்ற அன்று எங்கள் ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்ல ஒரு சின்னக் கரும்புள்ளிகூடக் கிடையாது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைத் திணித்தார்கள். இனிமேல் எந்த நேரத்துக்கும் எங்கேயும் போக வேண்டியிராத மனிதருக்குக் கடிகாரம் எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் பிஸ்கட்டும் டீயும் கொடுத்து மனிதரை வழியனுப்பிவிட்டார்கள். அதை நான் சொல்லிவிடுகிறேன்.

அவர் எக்ஸ்ரே எடுப்பவர். நான் அதே பிரிவில் பதிவு மேசையில் உட்காருபவள். நடுவில் ஒரு கதவு. பத்தொன்பது வருஷம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். மார்புப் படம் எடுக்கும்போது மூச்சை இழுத்து அடக்கச் சொல்வது எல்லோரும் செய்வதுதான். இவர் கால் கட்டைவிரலுக்கும் சொல்வார். "மூச்சை அடக்குற ஆளு அசைய மாட்டான் தங்கச்சி. அசையலேன்னா படம் ஒரே தடவையில வந்துரும்" என்பது அவர் கண்டுபிடிப்பு. அதனால் மூச்சண்ணன். கூட்டிப் பெருக்குபவரிலிருந்து பெரிய டாக்டர் வரை அதுதான் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ இருந்தது, அதை யார் கூப்பிட்டார்கள்?

ஒருமுறை கதிர் படாமலிருக்கப் போடும் கனமான ஈய அங்கியைக் கழற்ற மறந்து அதோடே டீக்கடைக்குப் போய், "என்னண்ணே, சண்டைக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று கடைக்காரர் கேட்ட பிறகுதான் தோள் வலிக்கும் காரணம் அவருக்குப் புரிந்தது. அவ்வளவு மறதி. ஆனால் வேலையில் மட்டும் ஊசி முனையளவு பிசகமாட்டார். படத்தைப் போட்டுக் கொடுக்கும் உறை மேல் பெயர், வயது, தேதி எல்லாம் கறுப்பு மார்க்கரால் அச்சுப் போல எழுதுவார். எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் தலையில் விடிந்ததே அந்த அழகான கையெழுத்தில்தான்.

நோயாளிகள் அவரிடம் படத்தைக் காட்டி, "எப்படி இருக்குங்க?" என்று கேட்பார்கள். "எடுக்கிறது என் வேலை, பாக்கிறது டாக்டர் வேலை" என்று சொல்லி அனுப்பிவிடுவார். நாற்பது வருஷம் சமைத்தாலும் ருசி பார்க்காத சமையல்காரரைப் போல ஒரு பிடிவாதம். உள்ளுக்குள் எல்லாம் தெரியும். சொல்லமாட்டார்.

போலீசார் அவ்வப்போது எங்களிடம் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத பிள்ளைகள், ஏதாவது வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள். இடது மணிக்கட்டை ஒரு படம் எடுக்க வேண்டும். வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் ஓர் இடைவெளி, மெல்லிய கறுப்புக் கோடாகப் படத்தில் தெரியும். வளர்ச்சி முடிந்தால் அந்தக் கோடு மூடிவிடும். டாக்டர் அதைப் பார்த்து வயதை எழுதிக் கொடுப்பார். பதினெட்டுக்குக் கீழே என்றால் பிள்ளைகள் இல்லம். அங்கே படிப்பு உண்டு, தனிப் படுக்கை உண்டு, வாராவாரம் டாக்டர் உண்டு. மேலே என்றால் பெரிய ஜெயில். அங்கே என்ன உண்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி எங்கள் தப்புக்கு வருகிறேன். எங்கள் படிவத்தில் 'வயது' என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தால் கிடங்கில் ஃபிலிம் தரமாட்டார்கள். கிடங்குக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "முழுசா நிரப்பிக் கொண்டா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் போலீசாரிடமே கேட்டு நிரப்பிவிடுவேன். ஒரு படிவத்தை முடித்தால் அடுத்ததற்குப் போகலாம், வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், அவ்வளவுதான் எனக்கு.

அந்தப் பெண் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. கூட ஒரு பெண் போலீஸ். ஒல்லி என்றால் அப்படி ஓர் ஒல்லி. இரண்டு காலிலும் வேறு வேறு ஜோடிச் செருப்பு. இடது மணிக்கட்டில் தலைமுடிக்குப் போடும் சிவப்பு ரப்பர் வளையம். ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாளாம். அந்த வீட்டில் மோதிரம் காணாமல் போய்விட்டதாம். வேலைக்குச் சேர்த்துவிட்ட சித்தி அன்றைக்கே போனை அணைத்துவிட்டாளாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று நான் தலையை நிமிர்த்தாமல், "வயசு?" என்றேன். பெண் போலீஸ் கையிலிருந்த தாளைப் பார்த்து, "பத்தொம்பது" என்றார். எழுதினேன்.

என் மேசை விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே அண்ணன் ரப்பர் வளையத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கையைத் தட்டின் மேல் பரப்பிவைத்து, "மூச்சை அடக்கு கண்ணு" என்றிருக்கிறார். அவள் களுக்கென்று சிரித்தது கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"கைக்கு எதுக்கு மாமா மூச்சு?"

"அடக்கு. சொல்றேன்."

சொன்னாரா என்று தெரியாது. அவள் போன பிறகு படத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அதுவரை ஒருநாளும் அப்படி வந்ததே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்தார்.

"தங்கச்சி, இந்தக் கோட்டைப் பாரு. எவ்வளவு அகலமா இருக்கு. என் பெரியவ பதினாலு வயசுல மாடிப்படியில விழுந்து கையை முறிச்சுக்கிட்டாளே, அப்ப எடுத்த படம் மாதிரியே இருக்கு. இதுக்குப் பதினஞ்சுக்கு மேல இருக்கவே இருக்காது."

"டாக்டர் பாத்து எழுதுவாருண்ணே" என்றேன்.

"ஆமா, எழுதுவாரு" என்று உறையில் போட்டார். உறை மேல் அச்சுப் போல எழுதினார். பெண், 19.

நான்கு நாள் கழித்து அதே பெண் போலீஸ் வேறு யாரையோ கூட்டிவந்தார். அண்ணன் கதவைத் திறந்து தலையை நீட்டி, "அந்தச் சிவப்பு வளையப் புள்ளையை இல்லத்துல சேத்தாச்சாம்மா?" என்று கேட்டார். வளையம் இழுப்பறையிலேயே கிடந்தது, கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தார்.

"இல்லம் எங்க சார்? பெரிய ஜெயிலுக்குப் போயாச்சு. பத்தொம்பதுன்னு உங்க டாக்டர்தானே எழுதிக் கொடுத்தாரு?"

அண்ணன் முகம் செத்துப்போனது. ஈய அங்கியோடே டாக்டர் அறைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். டாக்டர் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் அறுபது படம் பார்த்து அறுபது அறிக்கை எழுதும் மனிதர், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சாப்பிடாமலே மூடிவைப்பவர்.

"கவர்லயே பத்தொம்பதுன்னு போட்டிருந்துச்சேப்பா. ஸ்கூல் சர்ட்டிஃபிகேட் ஏதோ பாத்துட்டுத்தான் நீ எழுதியிருப்பேன்னு நினைச்சேன்."

"படிவத்துல இருந்துச்சு சார், அதான் எழுதினேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "போலீஸ் சொன்னாங்க" என்றேன்.

போலீஸ் என்னிடம் சொன்னார்கள், நான் படிவத்தில் எழுதினேன், அண்ணன் உறையில் எழுதினார், டாக்டர் அறிக்கையில் எழுதினார், போலீஸ் அதைக் கோர்ட்டில் கொடுத்தார்கள். அவர்கள் வாயால் சொன்ன எண், முத்திரை வாங்கிக்கொண்டு அவர்களிடமே திரும்பிப் போயிருக்கிறது. வயதைக் கண்டுபிடிக்க எடுக்கும் படத்துக்கு வயதை முதலிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். பைத்தியக்காரர்கள்கூடச் செய்யமாட்டார்கள். நாங்கள் செய்தோம், அதுவும் அழகான கையெழுத்தில்.

"அறிக்கையை மாத்திக் கொடுங்க சார்" என்றார் அண்ணன்.

"கோர்ட்டுக்குப் போன அறிக்கையை நானா எப்படிப்பா மாத்த முடியும்? கோர்ட் கேட்டா மறுபடி படம் எடுத்துப் பாக்கலாம். கேக்கச் சொல்லு."

அன்று மதியமே அண்ணன் பழைய பதிவேடுகளை எடுத்து என் மேசையில் போட்டார். மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் அவர் ஒரு பக்கம் புரட்ட, நான் ஒரு பக்கம் புரட்டினேன். கையில் கிடைத்த பதினோரு வருஷப் பதிவேட்டில் நாற்பத்தொரு பிள்ளைகள். போலீஸ் சொன்ன வயது ஒரு பத்தியில், அறிக்கை சொன்ன வயது அடுத்த பத்தியில். நாற்பத்தொன்றிலும் இரண்டும் ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில் அண்ணன் பதிவேட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"மத்தவங்களை நான் எங்க போய்த் தேடுவேன்? இது ஒண்ணையாவது வெளிய எடுத்து இல்லத்துல சேக்கணும்" என்றார்.

அதற்கப்புறம் அவர் பட்டது நாய் படாத பாடு. இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். சின்ன வயது, எப்போதும் ஜலதோஷம், இரண்டு பையில் கட்டுக்கட்டாகக் காகிதம். மனு போட்டார். கோர்ட்டில் அண்ணன் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முந்தின நாள் எனக்கு வேலையே ஓடவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்த சமயம். என் வேலை போனால் மருத்துவம் நின்றுவிடும். நான் வாயைத் திறக்காமலே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

"உன்னை இழுக்க மாட்டேன் தங்கச்சி. கவர் மேல இருக்கிறது என் கையெழுத்துதானே."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அரசு வக்கீல் கேட்டார், "நீங்க டாக்டரா?"

"இல்லைங்க."

"படத்தைப் பாத்து வயசு சொல்ல உங்களுக்கு என்ன தகுதி இருக்கு?"

"தகுதி இல்லைங்க. கண்ணு இருக்கு."

நீதிபதிகூடச் சிரித்துவிட்டாராம். சரி, அந்தப் படத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். அங்கேதான் எல்லாம் நின்றது. படம் இல்லை. ஆஸ்பத்திரி வழக்கப்படி உறையோடு போலீசிடம் கொடுத்தாகிவிட்டது. போலீஸ் கோர்ட்டில் கொடுத்ததாகச் சொன்னார்கள். கோர்ட் அலுவலகத்தில் அறிக்கை மட்டும்தான் வந்தது என்றார்கள். ஒருவரை இன்னொருவர் கைகாட்ட, ஏழு மாதம் ஓடியது. அப்படியானால் புதிதாக ஒரு படம் எடுக்க உத்தரவிடுங்கள் என்றார் வக்கீலம்மா. அதற்குப் பதில் மனு. அதற்கு ஒரு வாய்தா. நீதிபதி மாறினார். வந்தவர் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றார். எங்கள் டாக்டரையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்கு அனுப்பிய சம்மன் பழைய விலாசத்துக்கே போய்ப் போய்த் திரும்பியது.

அண்ணன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்வருவார். வந்ததும் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுவார். அடுத்த தேதியைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

"எலும்பு வாய்தா கேக்குமா தங்கச்சி? அது பாட்டுக்கு வளந்துக்கிட்டு இருக்குமே" என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஜெயிலுக்கு ஒருமுறை போனார், அந்தச் சிவப்பு வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. வாசலில் ஒரு சீட்டு நிரப்ப வேண்டும். அதிலும் ஒரு கட்டம், 'கைதிக்கு என்ன உறவு'. இவர் பொய் எழுதத் தெரியாத மனிதர், 'எக்ஸ்ரே எடுத்தவர்' என்று எழுதியிருக்கிறார். காவலர் சீட்டைப் படித்துவிட்டு இன்னொரு காவலரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். வளையத்தைத் திரும்பக் கொண்டுவந்து இழுப்பறையில் போட்டார்.

"மாமான்னு எழுதியிருந்தா விட்டிருப்பாங்களேண்ணே" என்றேன்.

"அவ என்னை மாமான்னுதான் கூப்பிட்டா. அது ஞாபகம் வரலை பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

உள்ளே அவள் எப்படி இருக்கிறாள் என்று வக்கீலம்மா வழியாகத்தான் தெரியும். முப்பது பெண்கள் இருக்கும் கூடத்தில் கழிப்பறைப் பக்கம் இடம். பெரியவர்கள் துணியெல்லாம் அவள்தான் துவைக்கிறாளாம். முன்பல் ஒன்று போய்விட்டது. எப்படி என்று கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்கிறாளாம். போகப் போக, எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாள் என்றார்.

இதற்கு நடுவில் எங்கள் பக்கம் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னபடி நான் வயதுக் கட்டத்தைக் காலியாக விட ஆரம்பித்தேன். கிடங்குக்காரர் கண்ணாடியை ஏற்றினார். 'தெரியாது' என்று எழுதினேன். தணிக்கைக்கு வந்தவர்கள் ஆட்சேபம் எழுதினார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அது இன்னும் மோசம். வயது போடாவிட்டால் அடுத்த கட்டத்துக்கே நகராது. "பூஜ்யம் போடு" என்றார் அண்ணன். போட்டேன். அடுத்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது, 'பிறந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நபர் பூட்டை உடைத்துத் திருடியது எவ்வாறு என்பதற்கு விளக்கம் தேவை' என்று. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். விளக்கத்தை அண்ணன் நான்கு பக்கத்துக்கு எழுதினார். நாற்பத்தொரு பிள்ளைகளையும் வரிசையாக எழுதி, உறை மேல் வயதே இருக்கக்கூடாது என்று கெஞ்சியிருந்தார். பதிலாக ஒரு சுற்றறிக்கை வந்தது. குழப்பத்தைத் தவிர்க்கும்பொருட்டு, இனி உடன் வரும் காவலர் கூறும் வயதைத் தவறாமல் பதிவு செய்ய வேண்டும் என்று. அதுவரை எங்கள் தப்பாக இருந்தது அன்றிலிருந்து விதியாகிவிட்டது.

அண்ணன் அந்தத் தாளை ஒட்டும் பலகையில் ஒட்டவில்லை. மடித்து இழுப்பறையில் வளையத்தோடு போட்டுவிட்டார்.

இருபத்துமூன்றாவது மாதம் உத்தரவு வந்தது. புதிதாகப் படம் எடுக்க வேண்டும், அந்த ஒருத்திக்கு மட்டும் உறை மேல் வயது எழுதக்கூடாது, அறிக்கை வந்த பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நாங்கள் கேட்டது அத்தனையும் கிடைத்திருந்தது. வக்கீலம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே போனில் படித்துக் காட்டினார். அண்ணன் "நல்லதும்மா, நல்லதும்மா" என்றார். முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

அவளைக் கூட்டிவந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. உயரமாகியிருந்தாள். தோள் அகன்றிருந்தது. பெண் போலீஸ் சொல்வதற்கு முன்பே சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். அண்ணன் கதவைத் திறந்து, "வாம்மா" என்றார். கண்ணு என்று கூப்பிட வாய் வரவில்லை போலிருக்கிறது.

நானும் உள்ளே போனேன். யாரும் சொல்லாமல் இடது கையைத் தட்டின் மேல் பரப்பிவைத்தாள். அண்ணன் பொத்தானிடம் போய் நின்று வாயைத் திறப்பதற்குள் அவளே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டாள். படம் ஒரே தடவையில் வந்துவிட்டது. அண்ணன் அவசரமாக இழுப்பறையைத் திறந்து ரப்பர் வளையத்தை எடுத்து நீட்டினார்.

"உன்னோடது. அன்னைக்கு மறந்துட்டேன்."

அவள் அதைப் பார்த்தாள். "அங்க வெச்சுக்க விட மாட்டாங்க. இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

படத்தை வெளிச்சத்தில் வைத்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கே தெரிந்தது. கோடு இல்லை. எலும்பு முழுசாக, வழவழவென்று மூடியிருந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். புது டாக்டரம்மா நேர்மையானவர், பொறுமையாகப் பூதக்கண்ணாடி வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வளர்ச்சி முடிஞ்சிருக்கு. பதினெட்டு ஆயிருக்கலாம், அதுக்கு மேலயும் இருக்கலாம்."

"ரெண்டு வருஷம் முன்னாடி என்ன வயசுன்னு எழுதுங்க டாக்டர். இந்தக் கோடு அப்ப இருந்துச்சு. நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க, நான் நம்புறேன். மூடின கதவைப் பாத்து எப்ப மூடினாங்கன்னு எப்படிச் சொல்ல முடியும்? இந்தப் படத்துல இருக்கிறதைத்தான் நான் எழுத முடியும்."

சரிதான். அவர் செய்ததுதான் நியாயம். இந்தக் கதையில் எல்லோரும் நியாயமாகத்தான் நடந்தார்கள், அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. பழைய அறிக்கையைத் தள்ளுவதற்குக் காரணம் எதுவும் இல்லை என்று அந்தப் படத்தைக் காட்டியே கோர்ட் முடித்துவிடும் என்று வக்கீலம்மா அப்போதே சொன்னார். அப்படித்தான் முடித்தார்கள். ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் அவள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்.

படம் எடுத்த அன்று, அவளை அனுப்புவதற்கு முன் அவள் விவரத்தை நான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருந்தது. வயதுக் கட்டத்தில் கோடு துடித்துக்கொண்டு நின்றது. அறிக்கையில் ஓர் எண் இல்லை, 'பதினெட்டு அல்லது அதற்கு மேல்' என்றிருந்தது. பெண் போலீஸ் வழக்கம்போலத் தாளைப் புரட்டினார். "நீங்க இருங்க" என்று அவரைத் தடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணைப் பார்த்தேன். முன்பு நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேசை விளிம்பில் மட்டும் கையை வைக்கவில்லை.

"உனக்கு என்ன வயசும்மா?"

யாரோ அடிக்க வருவது போல ஒருகணம் பின்னால் சாய்ந்தாள். பிறகு யோசித்தாள். கணக்குப் போடுகிறாள் என்று உதடு அசைவதில் தெரிந்தது.

"நீங்க அப்ப பத்தொம்பதுன்னு எழுதினீங்கல்ல. ரெண்டு வருஷம் ஆச்சு. இருபத்தொண்ணுன்னு போட்டுக்கோங்க."

"அதை விடும்மா. நிஜமா என்ன வயசு?"

"அதான்கா. இருபத்தொண்ணு."

போட்டேன். கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் வேறு யாருக்கோ மூச்சை அடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.